மூத்த பிள்ளைகளை மட்டும் கண்டுபிடித்த படிவம்

நான் என் கையால் செய்த ஒரே இயந்திரம் ஒரு தேடல் படிவம். கணினித் திரையில் ஐந்து பெட்டிகள்: பெயர், தகப்பன் பெயர், குடியிருந்த வரிசை வீடான லயம், தோட்டத்தின் எந்த டிவிஷன், பள்ளியில் சேர்ந்த ஆண்டு. கீழே 'தேடு' என்று ஒரு பொத்தான். அந்தப் பொத்தானுக்குச் சரியான பச்சை நிறம் தேடுவதில் ஒரு முழுப் பகல் போனது. ஒரு பெட்டியில் ஒன்றும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க நான் ஒதுக்கிய நேரம் அதைவிடக் குறைவு.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நீண்ட காலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்று ஹட்டனுக்குத் திரும்பியிருந்தேன். திரும்பிய மூன்றாவது மாதமே, காலையில் எழுந்து யாருடைய பிழையையும் திருத்த முடியாமல் இருப்பது எனக்கு நோய் போல ஆகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில், என்னோடு படித்த ஒருவர் சிறிய அலுவலகம் நடத்தி வந்தார். வேலை இதுதான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் காலங்கடந்த பதிவுக்கு மனுப் போட வேண்டுமானால் ஏதாவது ஒரு பழைய சான்று வேண்டும். பலருக்கு இருக்கும் ஒரே சான்று, சின்ன வயதில் போன தோட்டப் பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பு, பிள்ளைகளின் பெயர் ஏறும் பதிவேடு. அக்கரப்பத்தனை, கொட்டகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய இடாப்புகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அதைக் கணினியில் ஏற்ற வேண்டும், ஏற்றியதைத் தேட வேண்டும். மேற்பார்வைக்கு ஓர் ஆள் தேவை என்றார் நண்பர். சம்பளத்தை அவர் சொல்வதற்கு முன்பே நான் ஒத்துக்கொண்டேன். சம்பளம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தட்டச்சு செய்தவர் நாற்பதை நெருங்கும் ஒரு பெண். கொட்டகலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே படித்து, திருமணமாகி ஹட்டனுக்கு வந்தவர். இரண்டு பிள்ளைகள். என்னை 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை மரியாதைக்கும் கேலிக்கும் ஒரே குரலில் பயன்படுத்தும் திறமை அவரிடம் இருந்தது.

வேலை தொடங்கிய முதல் வாரத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், இங்க தகப்பன் பேரு இல்ல. லயமும் இல்ல. சும்மா விட்டிருக்காங்க. மேல இருக்கிறதயே போட்டுறவா?"

"இடாப்புல இருக்கா?"

"இல்ல. ஆனா மேல..."

"இல்லாதத நாம எழுதக்கூடாதுங்க. இருந்தா இருக்கு, இல்லேன்னா இல்ல."

"அப்ப சும்மாவே விட்டுறவா?"

"சும்மாவே விடுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு கதையும் சொன்னேன். இறந்தவரின் மனைவி பெயர் கிடைக்காததால் தானே ஒரு பெயரைப் போட்டுச் செய்தி எழுதிய நிருபரின் கதை. அடுத்த நாள் பத்திரிகை அலுவலகத்துக்கு இரண்டு மனைவிமார் வந்தார்கள், இருவருக்கும் அந்தப் பெயர் இல்லை. கையில் உள்ள ஆதாரத்துக்கு மேல் ஓர் எழுத்தும் சேர்க்கக்கூடாது என்பது அதன் பாடம்.

"அந்தக் கதைய நேத்தும் சொன்னீங்க சேர்" என்றார் அவர். பிறகு காலிப் பெட்டிகளைக் காலியாகவே விட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தட்டினார்.

தேடல் படிவத்தை நானே செய்கிறேன் என்று பிடிவாதமாக நின்றது என் ஆணவம்தான். இணையத்தில் வீடியோக்களைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துச் செய்தேன். முதல் படிவத்தில், பெயரை மட்டும் எழுதி மற்ற நான்கையும் விட்டுவிட்டுத் தேடினால் ஒன்றும் வராது. அந்த நான்கும் காலியாக இருக்கிற ஒருவரைத்தான் நான் கேட்கிறேன் என்று அது எடுத்துக்கொண்டது. ஐந்தையும் பிழையில்லாமல் நிரப்பினால் ஆள் வருவார்.

"எல்லாம் தெரிஞ்சிருந்தா நாம எதுக்கு சேர் தேடணும்?" என்றார் தட்டச்சு செய்பவர். நியாயமான கேள்வி. அதனால் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு வாரத்துக்குப் பிறகு நட்சத்திரக் குறியைக் கண்டுபிடித்தேன். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்வது மிகை. ஒரு வீடியோவில் ஒருவர் காட்டினார். பெட்டியில் எழுதியதற்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்துவிட்டால், 'இந்த எழுத்துக்கு முன்னும் பின்னும் எது இருந்தாலும் சரி' என்று கணினி புரிந்துகொள்ளும். பெட்டியில் ஒன்றுமே எழுதாவிட்டால் நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சும். அப்படியானால் 'எது இருந்தாலும் சரி' என்றுதானே பொருள்? தெரிந்ததை எழுதலாம், தெரியாததை விடலாம். படிவத்தின் தலையில் அதையே கொட்டை எழுத்தில் எழுதினேன்.

சோதனைக்கு என் பெயரை மட்டும் எழுதிப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். வந்தேன். தகப்பன் பெயர், லயம், டிவிஷன், சேர்ந்த ஆண்டு எல்லாவற்றோடும் வந்தேன். ஐந்து வயதில் நான் போன பள்ளிக்கூடம் என்னை மறக்கவில்லை. பிறகு எல்லாப் பெட்டிகளையும் காலியாக விட்டு அழுத்தினேன். பெயர்கள் திரை கொள்ளாமல் ஓடின. எத்தனை பெயர்கள் என்று திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருந்தது. தட்டியது மொத்தம் எத்தனை என்று பட்டியலில் இன்னோர் எண் இருந்தது. இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நிருபர்களைப் பாடாய்ப் படுத்திய நான், அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. தேநீர் குடிக்கப் போனேன்.

அடுத்த மாதங்களில் நிறையப் பேர் வந்தார்கள். சிலர் பெயர் வந்தது, சிலர் பெயர் வரவில்லை. வராதவர்களுக்கு நான் 'இல்லை' என்றேன். பத்திரிகையில் இருந்தபோது யாராவது 'இல்லை' என்று சொன்னால் ஏன் இல்லை, யார் சொன்னது, எங்கே பார்த்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்பேன். திரை சொன்ன இல்லையை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கி ஆட்களிடம் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். மழையில் வந்திருந்தார். குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் காகிதங்கள் நனையாமல் இருந்தன.

"ஐயா, எனக்கு அடையாள அட்டை இல்ல. எடுக்கப் போனா பொறப்புச் சான்றிதழ் கேக்குறாங்க. அதும் இல்ல. பள்ளிக்கூடத்துல பேரு இருந்தாப் போதும்னு அந்த ஆபிஸ் அம்மா சொன்னாங்க."

"இவ்வளவு காலம் அட்டை இல்லாம எப்படி இருந்தீங்க?"

"கைக்காசு வேலைதாங்க, அன்னன்னைக்குக் கூலி. கொழுந்து எடுக்க அட்டை யாரு கேட்டா?"

இப்போது கேட்கிறார்கள். அவர் இருந்த லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்து, மண் சரியும் நிலையில் இருந்தது. அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். கணவர் இறந்து மூன்று வருடம். வீட்டை இவர் பெயருக்கு எழுத வேண்டுமானால் அட்டை வேண்டும்.

"இல்லேன்னா?"

"கொழுந்தன் பேருக்குப் போயிரும்ங்க. அவரு நல்லவருதான். அவரு பொண்டாட்டி நல்லவ இல்ல. நாளைக்கி வெளிய போன்னு சொன்னா நானும் மகளும் எங்க போறது?"

பெயர், தகப்பன் பெயர், லயம், டிவிஷன் எல்லாம் சொன்னார். ஆண்டு மட்டும் தெரியவில்லை. நான்கு பெட்டியை நிரப்பித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. மற்றவற்றை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுத் தேடினேன். அப்போதும் வரவில்லை. இரண்டு வழியிலும் கேட்டு ஒரே பதில் வந்தால் அது உறுதியான செய்தி என்பது எங்கள் தொழில் விதி. இரண்டு வழியும் ஒரே ஆளிடம்தான் போய்ச் சேருகிறது என்பதை நான் கவனிக்கவில்லை.

"இல்லைங்க" என்றேன்.

"அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன் ஐயா."

"வேற பள்ளிக்கூடமா இருக்குமோ?"

"எங்க தோட்டத்துல ஒரே பள்ளிக்கூடம்தான். எங்க அக்காவும் அதுலதான் படிச்சா. அக்கா பேரப் பாருங்க."

அக்காவின் பெயரை எழுதினேன். உடனே வந்தது. இவர் சொன்ன அதே தகப்பன் பெயர், அதே லயம், அதே டிவிஷன்.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஒரு விளக்கம் வந்தது. மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு இளையவளை வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். போன வருடம் அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். அதை அவரிடமே சொன்னேன்.

"அக்காவ சேர்த்திருக்காங்க. உங்கள சேர்த்திருக்க மாட்டாங்க."

"ஐயா, நான் படிச்சேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"சின்ன வயசு. மறந்திருப்பீங்க."

"வாத்தியாரு அடிச்ச அடி மறக்குமா?"

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தட்டச்சு செய்பவர் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் பதிலை எழுத்தில் கொண்டு வரும்படி பிரதேச செயலகத்தில் சொல்லியிருந்தார்கள். நான் கடிதம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். 'மேற்குறித்த பாடசாலையின் சேர்வு இடாப்பில் இவரது பெயர் காணப்படவில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தேன்.

"இதுல என்னாங்க எழுதியிருக்கு?"

"உங்க பேரு இல்லைன்னு."

"அதுக்கு இம்புட்டு எழுதணுமா?"

காகிதத்தை உறைக்குள் வைத்து, உறையைச் சட்டைக்குள் வைத்து, குடையை விரித்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை நான் வந்தபோது தட்டச்சு செய்பவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் என் படிவம்.

"சேர், நேத்து வந்த அக்கா பொய் சொல்ற மாதிரி எனக்குத் தெரியல."

"நான் பொய்னு சொல்லல. மறந்திருப்பாங்கன்னுதான்..."

"இங்க வாங்க. இது எம் பேரு. தேடுறேன் பாருங்க."

பச்சைப் பொத்தானை அழுத்தினார். திரை காலியாக இருந்தது.

"நான் பள்ளிக்கூடமே போகலயாம் சேர்."

"உங்க பள்ளிக்கூடத்து இடாப்ப நாம இன்னும் ஏத்தலையோ என்னவோ."

"ஏத்தினது நானு. எம் பேர எங் கையாலயே அடிச்சேன். அடிச்சிட்டு வீட்டுக்குப் போயி பிள்ளைங்ககிட்டயும் சொன்னேன்."

படிவத்தை மூடிவிட்டு, அடியில் இருக்கும் பட்டியலை நேரடியாகத் திறந்தார். இறக்கிக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினார். அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் தகப்பன் பெயர் காலி. லயமும் காலி. அதற்கு மேல் வரியில் அவருடைய அண்ணன். தகப்பன் பெயரும் லயமும் நிறைவாக இருந்தன. அண்ணன் பெயரைப் படிவத்தில் தேடினார். வந்தது.

"இப்ப ஒங்க தம்பி பேரச் சொல்லுங்க."

சொன்னேன். என் தம்பி இன்று ஒரு பாடசாலையின் அதிபர். திரையின்படி அவன் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை.

"நீங்க வீட்டுக்கு மூத்தவரு, அதான் மொத நாளே வந்துட்டீங்க" என்றார். "இந்த மெசினு மூத்தவங்களுக்கு மட்டுந்தான் சேர்."

பிறகுதான் இடாப்பின் படங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மேற்பார்வையாளனாக வந்து அத்தனை மாதங்களுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. வருடத் தொடக்கத்தில் தலைமையாசிரியர் இடாப்பைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போவார். ஓர் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் நின்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரேயடியாக எழுதிவிடுவார்; சேரும் ஆண்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். மூத்த பிள்ளையின் வரியில் தகப்பன் பெயரும் லயமும். கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெயர் மட்டும். ஒரே தகப்பனின் பெயரை ஒரே பக்கத்தில் நான்கு முறை எழுத அவருக்கு என்ன பைத்தியமா? அந்தப் பக்கத்தைப் பார்க்கும் யாருக்கும் காலி இடம் என்ன சொல்கிறது என்று தெரியும். தட்டச்சு செய்பவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தது. நான்தான் இரண்டு மனைவிமார் கதையைச் சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

அன்று பிற்பகல் முழுவதும் படிவத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். புரிந்ததும் கணினியின் மேல் எனக்கு மரியாதை வந்தது, என் மேல் இருந்தது போனது. நட்சத்திரம் என்றால் 'எது இருந்தாலும் சரி'. ஆனால் ஏதாவது இருக்க வேண்டும். ஒருபோதும் நிரப்பப்படாத இடத்தைக் காட்டி, இந்தத் தகப்பன் பெயர் பொருந்துகிறதா என்று கேட்டால், கணினி ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்று சொல்லும். படிவம் 'ஆம்' என்று வந்தவர்களை மட்டும் காட்டும். அதாவது, அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது கணினி நேர்மையாகத் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறது. அதை 'இல்லை' என்று மாற்றி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தவன் நான்.

திருத்துவது கடினமாக இல்லை. நட்சத்திரங்களைத் தூக்கி எறிந்தேன். தேடுபவர் ஒரு பெட்டியை விட்டுவிட்டால், அந்தப் பெட்டியைப் பற்றிக் கேள்வியே கேட்காதே என்று எழுதினேன். அதுவரை நான் கேள்வியைக் கேட்டுவிட்டு, எந்தப் பதிலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது போதாது என்றார் தட்டச்சு செய்பவர். தகப்பன் பெயரையும் லயத்தையும் எழுதித் தேடினால் இளையவர்கள் அப்போதும் விடுபட்டுப் போவார்கள். அதனால் பட்டியலில் புதிதாக இரண்டு நிரல்கள் சேர்த்து, 'மேல் வரியிலிருந்து எடுத்தது' என்று தலைப்புப் போட்டு, இடாப்பின் வரிசைப்படி ஒவ்வொரு குடும்பமாக அவர் நிரப்பத் தொடங்கினார். முதல் வாரத்தில் அவர் செய்யக் கேட்ட அதே வேலை.

"இப்ப கத ஒண்ணும் இல்லையா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

புதிய படிவத்தில் அக்கரப்பத்தனைப் பெண்ணின் பெயரைத் தேடினோம். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்கு முன் வந்துவிட்டது.

அவரிடம் நான் தொலைபேசி எண் வாங்கியிருக்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறி, தலவாக்கலையில் மாறி, அக்கரப்பத்தனைக்குப் போய், அங்கிருந்து நடந்தேன். மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். அவர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"என்னாங்க ஐயா, இன்னொரு 'இல்ல' கடிதாசி கொண்டாந்திருக்கீங்களா?"

வரிசை சிரித்தது. கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"உங்க பேரு இருக்குங்க. நான்தான் சரியாப் பாக்கல."

"எங்க இருக்கு?"

"அக்கா பேருக்குக் கீழயே இருக்கு."

"அக்கா பேரத்தான் அன்னைக்கே பாத்தீங்களே. கொஞ்சம் கீழ பாத்தா என்னா, கண்ணு வலிக்குதா?"

அதற்குப் பதில் இருந்தது. மடுவத்தில் நின்று நட்சத்திரக் குறியை விளக்குவதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு பெண் கூடையை இறக்கிவிட்டு முன்னால் வந்தார். "ஐயா, போன மாசம் எனக்கும் இல்லன்னுதானே சொன்னீங்க? நான் வீட்டுல மூணாவது." அவர் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

"கடிதாசிய என்ன செஞ்சீங்க?" என்று முதல் பெண்ணிடம் கேட்டேன்.

"நேத்தே ஆபிஸ்ல குடுத்துட்டேன். அந்தம்மா பைல்ல போட்டுட்டாங்க. வெள்ளிக்கெழம கடைசி நாளாம். அதுக்குப் பொறவு வீட்டு லிஸ்ட்டு கொழும்புக்குப் போயிருமாம்."

அன்று வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் மூடுவதற்குள் ஓடினோம். அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் பழைய இடாப்பை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, 'மூலப் பிரதியுடன் ஒத்தது' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பிரதேச செயலகத்தில் இருவரும் நின்றோம். பொறுப்பில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். இடாப்பின் பிரதியையும், நான் புதிதாகக் கொண்டுவந்த கடிதத்தையும், கோப்பில் கிடந்த பழைய கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை இல்லையெண்டு ஒரு கடிதம். இண்டைக்கு இருக்கெண்டு இன்னொரு கடிதம். ரெண்டிலையும் ஒரே கையெழுத்து. எது ஐயா சரி?"

"ரெண்டாவது."

"அப்ப முதலாவது?"

"அது... கம்ப்யூட்டர் சொன்னது."

"கையெழுத்தும் கம்ப்யூட்டர்தான் போட்டதோ?"

அவர் இடாப்பின் பிரதியைக் கையில் எடுத்தார்.

"பேர் இருக்கு. ஆனா அப்பாவின்ர பேர் இல்லையே இதில. வெறுமையா விட்டிருக்கு. தகப்பன் பேர் இல்லாம இதை நான் எப்பிடி எடுக்கிறது?"

இடாப்பின் வழக்கத்தை விளக்க நான் வாயைத் திறந்தேன். முன்னுரையே பெரிதாக இருந்திருக்கும். அதற்குள் அந்தப் பெண் மேசைக்கு அருகில் போய், காகிதத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க அக்கா. இந்தா எங்க அப்பா பேரு, இந்தா லயம். இதுக்குக் கீழ நானு. வாத்தியாரு மறுபடி எழுதல, ஏன்னா எங்க அம்மாவுக்கு ஒரே புருசன்தாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். மற்றக் குடும்பங்களிலும் அப்படியே இருந்தது.

"அக்காவின்ர அடையாள அட்டைப் பிரதி இருக்கோ?"

பிளாஸ்டிக் உறையிலிருந்து அது வந்தது. கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

"சரி. ஆனா இந்த முதலாவது கடிதம் கோப்பில இருக்கேக்க நான் இதை மேல அனுப்பேலாது. அது பிழையெண்டு எழுதித் தாங்கோ, ஐயா."

இது எனக்குத் தெரிந்த வேலை. திருத்தங்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆறாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி, யாரும் படிக்க மாட்டார்கள். 'மேற்படி கடிதத்தில் தவறொன்று நேர்ந்துள்ளது. வருந்துகிறோம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நேர்ந்துள்ளதெண்டா? மழையோ, தானா நேர? ஆர் விட்ட பிழை எண்டு எழுதுங்கோ."

இரண்டாவது தடவை எழுதினேன். 'இடாப்பைப் பார்க்காமல், நான் செய்த தேடல் படிவத்தை நம்பி, இவர் பெயர் இல்லை என்று எழுதினேன். அது என் பிழை.' அவ்வளவு சின்னத் திருத்தத்தை எழுத எனக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை. அந்தப் பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இப்பதான் கொஞ்சமா எழுதியிருக்கீங்க" என்றார்.

அதிகாரி அதைக் கோப்பில் கட்டினார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு எழுதி, வீட்டுப் பட்டியலில் பெயரை வைத்திருக்கும்படி பக்கத்து மேசைக்குத் தொலைபேசியில் சொன்னார். பக்கத்து மேசை ஐந்தடி தூரத்தில் இருந்தது.

அதன் பிறகு அலுவலகத்தில் நாங்கள் செய்த வேலை அவ்வளவு பெருமைப்படத்தக்கதல்ல. 'இல்லை' என்று நான் திருப்பி அனுப்பியவர்களின் பட்டியல் என்னிடம் இல்லை. கண்டுபிடித்தவர்களைப் பற்றி அழகான பதிவு வைத்திருந்தேன். தட்டச்சு செய்பவர் வாசலில் இருந்த வருகைப் புத்தகத்தை எடுத்து, கண்டுபிடித்தவர்களைக் கழித்து, மிச்சப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினார். பலர் இருந்தார்கள். முகவரி உள்ளவர்களுக்குக் கடிதம் போட்டோம். சிலர் வந்தார்கள். சிலரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. அவர்களில் யாராவது, தான் பள்ளிக்கூடம் போகவில்லை என்று என்னை நம்பியிருப்பார்களோ என்பது என்னை இன்னமும் உறுத்துகிற விஷயம்.

பல வாரங்களுக்குப் பிறகு அக்கரப்பத்தனைப் பெண் மறுபடி படியேறி வந்தார். அதே உறை. அதிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் அடையாள அட்டையை வைத்தார். படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவர் பெயர்தான் வருகிறது என்று தோட்டத்துக்கு எழுத்தில் வந்துவிட்டதாம். கொழுந்தன் மனைவி இப்போது பேசுவதில்லை, அது நல்லதுதான் என்றார்.

"இப்ப என்னா விசயம்னா, எனக்குக் கீழ ஒரு தங்கச்சி இருக்கா. பூண்டுலோயாவுல கட்டிக் குடுத்திருக்கு. அவளுக்கும் பொறப்புச் சான்றிதழ் இல்ல. அவ பேரையும் பாக்கணும்."

நான் நாற்காலியை முன்னால் இழுத்து, படிவத்தைத் திறந்து, பெயர்ப் பெட்டியில் விரலை வைத்தேன். அவர் என்னைத் தாண்டி மூலையைப் பார்த்தார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க தங்கச்சி. ஐயா வேணாம்."

தட்டச்சு செய்பவர் எழுந்து வந்தார். நான் என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மூன்று பேருக்கும் தேநீர் சொல்லக் கீழே இறங்கினேன்.